கழுத்தைக் குறைக்கச் சொன்னது யார்?

திருப்பூரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பனியன் கம்பெனியை நிறுத்தும் வலிமை மூன்றுக்குத்தான் உண்டு: மின்வெட்டுக்கு, சாயப்பட்டறையிலிருந்து வந்து சேராத துணிக்கு, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையரின் ஒற்றை மின்னஞ்சலுக்கு. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் நான்காவதாக ஒரு மனிதர் இருந்தார். மின்சாரம் இருக்கும், துணி வந்திருக்கும், பையர் மகிழ்ச்சியாக இருப்பார். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி இரண்டு சொற்களைக் கேட்பார். கம்பெனி நின்றுவிடும்.

“யாரு சொன்னாங்க?”

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் அது மாதந்தோறும் அச்சாகவும் செய்தது. ஆனால் கட்டிங் முதல் பேக்கிங் வரை அந்தப் பெயரை அறிந்தவர் எவருமில்லை. ‘யாருசொன்னாங்க’ என்பதே அவர் பெயர். ஒடிசாவிலிருந்து வந்து, தமிழில் ‘சாப்பாடு’, ‘சம்பளம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் பழகியிருந்த தையல்காரர்கள்கூட மூன்றாவதாக அவர் பெயரைப் பழகி வைத்திருந்தார்கள்.

அவர் எங்கள் கம்பெனியின் கணினிப் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவின் ஒரே ஊழியரும் அவரே. வயது நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனாக்கள் இருக்கும். நீலம், கேட்பவர் எழுதுவதற்கு. சிவப்பு, அவர் மறுப்பதற்கு. பச்சை, அவர் சம்மதிப்பதற்கு. பச்சைப் பேனாவை அவர் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்றும், முதல் நாள் ஊற்றிய மை இன்னும் தீரவில்லை என்றும் கம்பெனியில் சொல்லிக்கொள்வார்கள். மிகைதான், ஆனால் மறுக்கக்கூடிய மிகை அன்று.

அவருடைய பொறுப்பு கம்பெனியின் சாஃப்ட்வேர். ஆர்டரின் எண்ணிக்கை, துணியின் எடை, ஒவ்வொரு உடுப்பின் அளவு, அட்டைப்பெட்டியின் எண் என எல்லாமே அதற்குள்தான் இருந்தன. அதற்குள் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் அவருடைய நீண்ட நோட்டில் எழுதியாக வேண்டும். நோட்டில் ஐந்து கட்டங்கள். என்ன மாற்றம், எதற்கு, கேட்பவர், சொன்னவர், கையெழுத்து. முதல் மூன்று கட்டங்களை யாரும் நிரப்பிவிடுவார்கள். நான்காவதில்தான் மனிதர்கள் விழுந்தார்கள்.

காரணம் உண்டு. எங்கள் ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகள். எங்கள் கம்பெனியில் பெரிய முதலாளி, அவருடைய மகன் சின்ன முதலாளி, மருமகன் மாப்பிள்ளை முதலாளி என மூவர். பெரியவர் தோட்டத்தை விட்டுக் கம்பெனி தொடங்கியவர். வேட்டியும் தம் கம்பெனியில் தைத்த டி-ஷர்ட்டும்தான் அவர் உடை. சின்னவர் பையர்களைப் பார்க்க விமானத்திலேயே வாழ்ந்தார். மாப்பிள்ளை உற்பத்தியைப் பார்த்துக்கொண்டார். மூவரையும் எல்லோரும் ‘முதலாளி’ என்றே அழைத்தார்கள். ‘முதலாளி சொல்லீட்டாருங்க’ என்ற ஒரு சொற்றொடர் போதும். எந்த இயந்திரமும் ஓடும், எந்த இயந்திரமும் நிற்கும். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் அந்தச் சொற்றொடரின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. யாருசொன்னாங்க ஒருவர் மட்டும் அதன் மேல் ஏற மறுத்தார்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் என் காதாலேயே கேட்டேன். கட்டிங் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“அண்ணா, அந்த நேவி புளூ ஆர்டர்ல ஐநூறு பீஸ் சேத்திப் போட்டுருங்க.”

“யாரு சொன்னாங்க?”

“முதலாளி சொன்னாருங்க.”

“எந்த முதலாளிங்க?”

“நம்ம முதலாளிதானுங்க.”

“நம்மளுக்கு மூணு பேருங்க.”

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். “மாப்பிள்ளை முதலாளிங்க. ஃபோன்ல யாருகிட்டயோ ஐநூறு, ஐநூறுன்னு பேசிக்கிட்டே போனாருங்க.”

“உங்ககிட்டச் சொன்னாருங்களா, ஃபோன்கிட்டச் சொன்னாருங்களா?”

சூப்பர்வைசர் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அந்த ஐநூறு, மாப்பிள்ளை முதலாளி தம் வீட்டு விசேஷத்துக்குச் சொன்ன சாப்பாட்டு இலை என்று பிறகு தெரிந்தது.

ஆயுத பூஜையன்று அவர் பெரிய முதலாளியையே நிறுத்தினார். தையல் மெஷின், கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த ஐயர், சர்வர் அறை வாசலில் தடுக்கப்பட்டார்.

“சர்வருக்குப் பொட்டு வெக்கோணும்னு யாரு சொன்னாங்க?”

பின்னால் தேங்காயோடு நின்ற பெரிய முதலாளி, “நான்தான்யா சொல்றேன். சாமி காரியத்துலயுமா?” என்றார்.

“சரிங்க. எழுதிப்போடலாமுங்க.”

எழுதினார்கள். மாற்றம்: சந்தனப் பொட்டு, மூன்று. எதற்கு: ஆயுத பூஜை. கேட்பவர்: ஐயர். சொன்னவர்: பெரிய முதலாளி. கையெழுத்தும் ஆயிற்று. பச்சை மை விழுந்தது. காற்றுப் போகும் துளைகளுக்கு நான்கு விரற்கடை தள்ளிப் பொட்டு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐயர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். கற்பூரத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

தம்மையும் அவர் விட்டுவைத்தவர் அல்லர். ஒருமுறை தம் பாஸ்வேர்டைத் தாமே மூன்று முறை தவறாகப் போட்டுப் பூட்டிக்கொண்டார். திறக்கும் அதிகாரம் பெற்ற ஒரே மனிதரும் அவரே. நோட்டை எடுத்து, கேட்பவர் கட்டத்தில் தம் பெயரை நீலத்தில் எழுதினார். பிறகு எதிர்ப்புறத்துக்கு நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் மறுத்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது விதி. வெளியூர் போயிருந்த பெரிய முதலாளி திரும்பி வரும் வரை இரண்டு நாட்கள், அணைந்த திரைக்கு முன்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒழுங்காக நடந்த ஒரு காரியத்தைப் பார்க்கிறவரின் நிறைவு இருந்தது.

இப்படிப்பட்டவரை அந்த நாற்காலியிலிருந்து அகற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் அப்போது கல்லூரியை முடித்துவிட்டு வந்த புதிது. மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவள். எங்கள் வீட்டில் அலமாரி நிறைந்துபோய், அரிசி டின்னின் மேலும் பரிசுக் கோப்பைகள் நின்றன. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எந்தப் பக்கமும் பேசுவேன். மணி அடிப்பதற்கு ஐந்து நொடி முன்பாக முடிப்பேன். இந்தத் தகுதியைக் கண்டுதான் மாப்பிள்ளை முதலாளி என்னைப் புதிய சாஃப்ட்வேர் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக்கினார். பழைய சாஃப்ட்வேரை அகற்றிப் புதியதைப் பொங்கலுக்குள் ஓட்ட வேண்டும். ஓடினால் என் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் கோப்பைகளோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

திட்டம் நகரவில்லை. ஒவ்வொரு படியிலும் ‘யாரு சொன்னாங்க’ என்ற கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முதலாளியைத் தேடி அலைச்சல். கார்த்திகை முடிந்தபோது நாங்கள் ஆவணியில் முடித்திருக்க வேண்டிய வேலையில் இருந்தோம்.

“அம்மிணி,” என்றார் மாப்பிள்ளை முதலாளி, “இந்த ஆளு இருக்கற வரைக்கும் நம்ம டார்கெட் முடியாது. மீட்டிங்ல நீங்க பேசுங்க. மாமா ஒத்துக்கற மாதிரி பேசோணும்.”

பேசினேன். அந்தக் கூட்டத்தை நான் பட்டிமன்றமாகவே கருதினேன். ஒரு கம்பெனியை வாழ வைப்பது வேகமா, விதியா? மேலாண்மை என்பது ‘எப்போது முடியும்’ என்று கேட்பது. ஆளுகை என்பது ‘யார் முடிவெடுத்தது’ என்று கேட்பது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் கப்பல் கிளம்பும். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் கப்பல் போய்விடும். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன்.

“நிட்டிங் மெஷின் ஓடுகிறது! ஓவர்லாக் ஓடுகிறது! துறைமுகத்துக்கு லாரி ஓடுகிறது! இந்த நிறுவனத்தில் ஓடாமல் நிற்பது ஒரே ஒரு நோட்டு!” என்று மேசையைத் தட்டியபோது தேநீர் தளும்பியது. கைதட்டல் எழுந்தது. டீ கொடுக்க வந்தவரும் தட்டை இடுக்கிக்கொண்டு தட்டினார்.

பெரிய முதலாளி அவரைப் பார்த்து, “நீ ஏதாச்சும் சொல்றியாய்யா?” என்றார்.

அவர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். “அம்மிணி நல்லாப் பேசுச்சுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. கம்ப்யூட்டர் ரூம்ல நான் வேண்டாம்னு யாரு சொன்னாங்க?”

“நான்தான் சொன்னேன்,” என்றார் மாப்பிள்ளை முதலாளி.

“அத எழுதிக் குடுத்தாப் போதுங்க.”

மறுநாள் மாற்றல் கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். கணினிப் பிரிவிலிருந்து கேட் பாஸ் பிரிவுக்கு. அதாவது நுழைவாயிலில் உள்ள தகரக் கூரை அறைக்கு. அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கீழே ‘நிர்வாகம்’ என்று இருந்ததாம், பெயர் இல்லையாம். திருத்தி எடுத்துப் போனேன். தேதி இல்லையாம். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. தம்மைத் தாழ்த்தும் கடிதத்தை நோட்டில் பதிந்துகொண்டு, பச்சைப் பேனாவைத் திறந்து சம்மதித்தார். பாஸ்வேர்டுகளை ஒரு உறையில் போட்டு ஒட்டி என்னிடம் தந்தார். பெற்றுக்கொண்டதற்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்துபோனார்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை மலர்ந்தது என்றே சொல்ல வேண்டும். யார் எதைக் கேட்டாலும் நான் செய்தேன். ‘முதலாளி சொன்னாருங்க’ என்பார்கள், அழுத்திவிடுவேன். புதிய சாஃப்ட்வேர் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஓடியது. மாப்பிள்ளை முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். மேடைக்கு வெளியே நான் பெற்ற முதல் சால்வை அது.

நுழைவாயிலில் நிலைமை வேறு. அவர் கேட் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அடிமட்டத்தை வைத்து மேலும் இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார். ஒன்று, சரக்கின் எண்ணிக்கைக்கு ஒப்புதல் தந்தவர். மற்றது, சரக்கின் அளவுக்கு ஒப்புதல் தந்தவர். கழிவுத்துணி வாங்க வந்தவர் நின்றார். தண்ணீர் லாரி நின்றது. தோட்டத்திலிருந்து பெரிய முதலாளி தம் கம்பெனிக்கே அனுப்பிய தேங்காய் மூட்டை அரைநாள் வெளியே கிடந்தது. ஊழியர்களை ஏற்றிவரும் கம்பெனி வேன் டிரைவர் மட்டும் அவரை வென்றார். தினமும் “நான்தானுங்க சொன்னேன், எனக்கு நானே சொன்னேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மாசி மாதம் ஒரு நாள் மாப்பிள்ளை முதலாளி ஃபோனில் கூப்பிட்டார். “அம்மிணி, ரவுண்ட் நெக் அளவுல கழுத்தை ஓரிஞ்சு கொறைச்சுருங்க. மாமா சொல்லீட்டாரு.”

குறைத்தேன். ஆறு நொடி ஆயிற்று. புதிய சாஃப்ட்வேரின் சிறப்பு என்னவென்றால், ஓர் இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும். அந்தச் சிறப்பைப் பற்றி நான் கூட்டத்தில் ஒன்றரை நிமிடம் பேசியிருந்தேன்.

பங்குனியில் ஒரு பெரிய சரக்கு தயாரானது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட். அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுச் செக்கிங்கில் பார்த்தார்கள். அட்டவணைப்படி மிகச் சரியாக இருந்தது. குழந்தைப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தார்கள், அழகாக இருந்தது. அளவு பார்க்கும் பொம்மைக்குத் தலை கிடையாது. பையர் ஒப்புக்கொண்ட பழைய சாம்பிளோ மாப்பிள்ளை முதலாளியின் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு லாரி கிளம்பியது. தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டிய சரக்கு. கேட் வரை வந்தது. நின்றது.

நான் ஓடிப்போனபோது மாப்பிள்ளை முதலாளி ஏற்கெனவே அங்கே இருந்தார். பேக்கிங் சூப்பர்வைசர் செல்வி அக்காவும் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் திருப்பூரில் இருப்பவர். பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

“லாரி எதுக்கு நிக்குது?” என்றார் மாப்பிள்ளை முதலாளி.

“அளவுக்கு ஒப்புதல் தந்தவருங்கற கட்டத்துல ‘முதலாளி’ன்னு போட்டிருக்குதுங்க. எந்த முதலாளின்னு போடலீங்க.”

“இங்க முதலாளி நான்தான். கதவைத் தொறங்க.”

“அப்ப உங்க பேரப் போட்டு ஒரு கையெழுத்துங்க.”

மாப்பிள்ளை முதலாளி பேனாவை வாங்கினார். நுனி காகிதத்தைத் தொடும் முன் நின்றது. “அளவு மாமா சொன்னது. அவரு பேரப் போட்டுக்குங்க.”

“அவரு சொன்னாருன்னு அவருதானுங்க சொல்லோணும்.”

“வேணுங்கனே பண்றீங்களா?” மாப்பிள்ளை முதலாளியின் குரல் உயர்ந்தது. “கப்பல் உங்களுக்காக நிக்குமா? இங்க பாருங்க, அஞ்சு நிமிசம். அதுக்குள்ள லாரி வெளிய போகோணும். இல்லீன்னா நீங்க வெளிய போகோணும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு இந்தக் கேட்டைத் தாண்டியாகோணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் வெளிய போறதுன்னா அதுக்குத் தனி கேட் பாஸ் போடோணுமுங்க. போடட்டுங்களா?”

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. யாருசொன்னாங்க கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த ஆண்டு அவருடைய மகள் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முதலாளி சொன்னால் செய்கிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் புத்தகத்தை மூடாமல், பக்கத்தில் விரலை வைத்தபடியே நின்றார்.

“செரி, மாமாகிட்டயே கேட்டுக்குங்க. கேட்டுப்போட்டு ஊட்டுக்குப் போங்க,” என்று மாப்பிள்ளை முதலாளி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

பெரிய முதலாளி தோட்டத்தில் இருந்தார். பம்ப்செட் ஓடும் ஓசை கேட்டது.

“மாமா, ரவுண்ட் நெக் கழுத்தை ஓரிஞ்சு கொறைக்கச் சொன்னீங்கல்ல, அத இந்த ஆளுகிட்ட ஒருக்கா சொல்லீருங்க.”

“எந்தக் கழுத்து மாப்ள?”

“அதானுங் மாமா, போன மாசம் சாப்பிடறப்பச் சொன்னீங்களே. கழுத்து தொளதொளன்னு இருக்குது, ஓரிஞ்சு கொறைச்சாத்தான் நல்லாருக்கும்னு.”

“அடக் கடவுளே! அது நான் போட்டிருந்த பனியனைச் சொன்னேன் மாப்ள! குனிஞ்சு சோறு திங்கறப்ப நெஞ்செல்லாம் தெரியுதுன்னு உங்க அத்தைகிட்டச் சொன்னேன். அத எதுக்கு இப்பக் கேக்கறீங்க?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

ஒரு மனிதர் தம் வீட்டில், தம் சோற்றுத் தட்டின் முன்னால், தம் பனியனைப் பற்றித் தம் மனைவியிடம் சலித்துக்கொண்டது, இப்போது நூற்றுக்கணக்கான அட்டைப்பெட்டிகளில் ஏறிக் கடல் தாண்டக் காத்திருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்பதை அந்த இடத்தில் முதலில் உணர்ந்தவள் நான். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். தாத்தா வயதுப் பெரியவரின் பனியனில் குறைய வேண்டிய ஓர் அங்குலம், இரண்டு வயதுக் குழந்தையின் கழுத்திலும் குறைந்திருந்தது.

“அப்பமே நெனச்சேன்,” என்றார் செல்வி அக்கா. “மடிக்கும்போதே கழுத்து கைப்பிடி அளவுக்குல்லா இருந்துச்சு! கேட்டா, சார்ட்ல அப்பிடித்தான் இருக்குன்னுட்டாவ.” யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு பெட்டியைக் கிழித்தார். யாருசொன்னாங்க வாயைத் திறந்தார். “நான்தான் சொன்னேன், எழுதிக்கிடும்!” என்று அக்கா ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடி எழுதிக்கொண்டார்.

கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஒரு மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். அவள் அளவு டி-ஷர்ட்டைத் தலைவழியாகப் போட்டார் செல்வி அக்கா. அது நெற்றியில் நின்றது. இழுத்தார். புருவம் வரை வந்து நின்றது. மேலே துணிக் கோபுரமும் கீழே இரண்டு கண்களுமாக அந்தக் குழந்தை எங்களைப் பார்த்தது. பிறகு, விளையாட்டு என்று எண்ணிக் கைதட்டியது. அந்தக் கம்பெனியில் நான் கேட்ட கைதட்டல்களிலேயே நியாயமானது அதுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் லாரியை நிறுத்தியது கழுத்துக்காக அன்று, கட்டத்துக்காக. கழுத்து சரியாக இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பார். கப்பலும் போயிருக்கும், அவர் வேலையும் போயிருக்கும்.

மாப்பிள்ளை முதலாளியின் முகம் வெளுத்துச் சிவந்தது. பழி யார் மேலாவது விழ வேண்டுமே. “சாஃப்ட்வேர்ல மாத்துனது இந்தப் பொண்ணுதான்,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருசொன்னாங்க மட்டும் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, நீலப் பேனாவைக் கையில் எடுத்து, வழக்கமான குரலில் கேட்டார்:

“கழுத்தைக் கொறைக்கச் சொன்னது யாருங்க?”

எனக்குப் பேசத் தெரியும். சொன்னவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர், செய்தவள் கருவி மட்டுமே என்று மூன்று நிமிடத்தில் நிறுவியிருப்பேன். நடுவர் எனக்கே தீர்ப்புத் தந்திருப்பார். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்த கட்டம் சிறியது. ஒரு பெயர்தான் கொள்ளும்.

“நான்தானுங்க அண்ணா,” என்றேன். “யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கவே இல்லீங்க. என் பேரப் போட்டுக்குங்க.”

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார். “இத்தன வருசத்துல,” என்றார் மெதுவாக, “ஆன தப்புக்கு ‘நான்’னு ஒருத்தரு சொல்லி இன்னிக்குத்தானுங்க கேக்கறேன்.”

கையெழுத்துப் போட்டேன். பிறகு மாப்பிள்ளை முதலாளி வந்து பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். “நானும் கேக்கலை,” என்று சொல்லி என் பெயருக்குப் பக்கத்தில் நெருக்கிக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை பெரிய முதலாளியே காரை நிறுத்தி இறங்கி வந்தார். “நானும் சோத்தைத் தின்னுபோட்டு வாயை மூடீட்டு இருந்திருக்கோணும். கொண்டாய்யா,” என்று அதே கட்டத்தில் இடம் தேடினார்.

இந்த இடத்தில் வேறு எவராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார். யாருசொன்னாங்க அடிமட்டத்தை எடுத்தபடி சொன்னார்: “ஒரு கட்டத்துல மூணு பேரு போடக்கூடாதுங்க. நான் கோடு போட்டுத் தாரேன், இருங்க.”

சரக்கு திரும்ப உள்ளே போயிற்று. கழுத்துகளைப் பிரித்துத் தைக்க ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. அடுத்த வாரக் கப்பலில் சரக்கு போனது. பையர் இரண்டு மின்னஞ்சல்கள் கடுமையாக எழுதினார், மூன்றாவதில் அடுத்த ஆர்டர் கொடுத்தார். என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அதில் நியாயம் இருந்தது.

“நாளைக்கே பழைய சீட்டுக்குப் போங்க,” என்று மாப்பிள்ளை முதலாளி அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். என்ன பதில் வரும் என்று மாப்பிள்ளை முதலாளிக்கே தெரிந்திருந்தது. “எழுதித் தாரேனுங்க. நானே சொல்றேன்னு பேர் போட்டே தாரேன்,” என்று அவரே முந்திக்கொண்டார். கடிதம் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் தகரக் கூரையின் கீழேயே உட்கார்ந்து தண்ணீர் லாரியை நிறுத்திக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பாஸ்வேர்டு உறையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒட்டியது பிரிந்திருக்கிறதே என்று கேட்டார். பிரித்தது நான்தான் என்றேன். எழுதிக்கொண்டார்.

இப்போது நான் சோமனூர்ப் பக்கம் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். இங்கே சாஃப்ட்வேர் இன்னும் வேகமானது. ஆறு நொடிகூட ஆவதில்லை. யாரும் எதையும் கேட்பதில்லை. மேடைகளிலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ‘அறிஞர்கள் சொல்வார்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் விட்டுவிட்டேன். எந்த அறிஞர் என்று கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்பது போலத் தோன்றும்.

இதைத் தாங்கிய இதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியை அந்தக் கம்பெனிக்குக் கொண்டுபோகப் போகிறேன். கேட்டில் எப்படியும் நிறுத்துவார்கள். அவர் போட்ட கட்டங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. சர்வர் அறையில் அவர் முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தம்மைப் பற்றி எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்.

நான்தானுங்க அண்ணா. எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.